காற்றுக்கும் காசு

"தம்பி, தராசு ஒன்பது கிலோ எண்டு காட்டுது. நீங்கள் இருபத்துநாலு எண்டு எழுதுறியள். மிச்சப் பதினைஞ்சு கிலோவும் ஆற்றை பாரம்?"

வால்தம்ஸ்டோவில், ஹோ வீதியை அண்டிய ஒரு சிறு கடையின் பின்புறத்தில், ஊருக்குப் பொதி அனுப்பும் முகவர் ஒருவரின் மேசைக்கு முன்னால் அந்த அம்மையார் நின்றிருந்தார். அறுபது வயதைக் கடந்தவர். அவருக்குப் பின்னால் புத்தகப் பெட்டியொன்றைச் சுமந்தபடி வரிசையில் நின்றவன் நான். தராசின் முள் பொய் சொல்லவில்லை என்பதை இருவரும் கண்ணாரக் கண்டோம். ஆயினும் பற்றுச்சீட்டில் 24 என்றே எழுதப்பட்டது.

"அன்ரி, அது பாரம் இல்லை. இடம். உங்கடை பெட்டி பிளேனிலை பிடிக்கிற இடம்" என்றார் அந்த இளைஞர்.

"அப்ப பெட்டிக்கை இருக்கிற காத்துக்கும் காசோ?"

இளைஞர் சிரித்தார், அம்மையார் சிரிக்கவில்லை. கரவெட்டியில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் தம் தாயாருக்காக முதியோருக்கான பம்பஸ் கட்டுகளையும், படுக்கைப்புண் வராமல் காக்கும் பஞ்சு மெத்தைத் துண்டொன்றையும் அவர் அந்தப் பெட்டியில் அடுக்கியிருந்தார். வாரத்தில் ஆறு நாள் அலுவலகங்களைத் துப்புரவு செய்து சேர்த்த காசு அவர் கையில் இருந்தது. ஒன்பது கிலோவுக்கென எண்ணிக் கொண்டுவந்த காசு இருபத்துநான்குக்கு எப்படிப் போதும்?

அவர் கேட்ட கேள்வி பேதைமையானதன்று. இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் எம்மவர் நாள்தோறும் கேட்டு, விடை கிடைக்காமல் வீடு திரும்பும் கேள்வி அது. ஒரு காலத்தில் பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் கரும்பலகைக்கு முன் நின்று பழகியவன் என்ற முறையில், அதற்குரிய விடையை இன்று இந்தப் பத்தியில் எழுத முயல்கிறேன்.

பீலி ஏற்றிய வண்டி

மயிற்பீலியைவிட மென்மையான சுமை வேறில்லை. எனினும் அளவு மீறி ஏற்றினால் அதுவும் வண்டியின் அச்சை முறித்துவிடும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் எச்சரித்தார். அவர் காலத்து வண்டிக்காரனுக்கு அச்சு முறிவது பற்றிய கவலைதான் இருந்தது. வண்டியின் தட்டில் இடம் முடிந்துவிட்டால், கம்பு கட்டி மேலே உயர்த்தி ஏற்றலாம். எங்கள் ஊரில் வைக்கோல் வண்டி போவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வீதியின் இரு மருங்கும் உரச, வீட்டுக் கூரை உயரத்துக்கு வைக்கோல் அசைந்து வரும். மாடுகள் பாரமே தெரியாதனபோல் நடக்கும். அதே வண்டியில் சுண்ணாம்புக் கல் ஏற்றினால், தட்டில் பாதி நிறையுமுன்னரே மாட்டின் கழுத்து தாழ்ந்துவிடும்.

ஆகவே சுமை வண்டி எதற்கும் எல்லைகள் இரண்டு. ஒன்று தாங்கக்கூடிய பாரம். மற்றது கொள்ளக்கூடிய இடம். கல்வண்டி முதலாவது எல்லையில் நிற்கிறது. வைக்கோல் வண்டி இரண்டாவது எல்லையில் நிற்கிறது. விமானத்துக்கு இவ்விரண்டாம் எல்லை மிகக் கண்டிப்பானது. கம்பு கட்டி உயர்த்த அதன் வயிற்றில் வழியில்லை.

கணக்காகப் பார்ப்போம். போயிங் 747-400 சரக்கு விமானம் ஏறத்தாழ 110 தொன் சுமையைத் தூக்க வல்லது. அதன் சரக்கு அறைகளின் கொள்ளளவு 700 கன மீற்றருக்குச் சற்று மேல். ஒன்றை மற்றதால் வகுத்தால், ஒரு கன மீற்றருக்கு 150 கிலோ முதல் 160 கிலோ வரை வருகிறது. ஏற்றப்படும் சரக்கின் அடர்த்தி சராசரியாக இவ்வளவு இருந்தால், இடமும் பாரமும் ஏறக்குறைய ஒரே வேளையில் நிறையும். பஞ்சு மெத்தைகளை மாத்திரம் ஏற்றினால் விமானம் நிறைந்திருக்கும். ஆனால் தூக்கக்கூடியதில் ஒரு சிறு பகுதியையே தூக்கியிருக்கும். கிலோக் கணக்கில் மட்டும் காசு வாங்கியிருந்தால், எரிபொருட் செலவுக்கே அது காணாது.

இதற்காகத்தான் விமானச் சரக்குத் துறையினர் "கனவளவு நிறை" என்ற ஒரு கற்பனை நிறையை வகுத்துக்கொண்டனர். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி, 6000 ஆல் வகுக்க வேண்டும். வருவது கனவளவு நிறை. தராசு காட்டுவது மெய்நிறை. இரண்டில் எது கூடியதோ அதற்கே கட்டணம். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் நெறிமுறைப்படி, 6000 கன சென்ரிமீற்றர் ஒரு கிலோவாகக் கொள்ளப்படுகிறது. அதாவது ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 167 கிலோ. மேலே நாம் விமானத்தின் வயிற்றிலிருந்து பெற்ற விடைக்கு இது அண்மையில் இருப்பது தற்செயலன்று.

இதை நினைவில் வைக்க இன்னொரு வழி உண்டு. ஒரு கன மீற்றர் தண்ணீரின் நிறை 1000 கிலோ. 167 என்பது அதில் ஆறிலொரு பங்கு. நீர் புகாதபடி ஒட்டிய உங்கள் பெட்டியைக் குளத்தில் மிதக்கவிடுவதாகக் கற்பனை செய்யுங்கள். ஆறிலொரு பங்குக்கு மேல் அமிழ்ந்தால் தராசின் பாரத்துக்குக் காசு கொடுக்கிறீர்கள். அதற்குக் குறைவாக அமிழ்ந்தால் காற்றுக்குக் காசு கொடுக்கிறீர்கள்.

சதுப்பு நிலத்துக் காகிதப் பறவை

விமானத்துக்கும் நிறைக்கும் இடையிலான இந்தப் போராட்டத்தில் வால்தம்ஸ்டோவுக்கு ஒரு பழைய பங்குண்டு என்பதை இங்கு வாழும் எம்மவரிற் பலர் அறியார். ஊரின் மேற்கு எல்லையில், லீ ஆற்றங்கரையில் வால்தம்ஸ்டோ சதுப்பு நிலம் கிடக்கிறது. அதன் குறுக்கே செல்லும் ரயில் பாதையின் வளைவுகளுள் ஒன்றைத் தொழிற்கூடமாக்கிக்கொண்டு, அலியொற் வேர்டன் றோ என்ற பொறியியலாளர் 1909 இல் முத்தட்டு விமானமொன்றை உருவாக்கினார். அதன் இயந்திரத்தின் வலு வெறும் 9 குதிரைவலு. தூக்கக்கூடிய பாரமும், செலவிடக்கூடிய பணமும் அவரிடம் அற்பமாகவே இருந்தன. மரச் சட்டங்களுக்கு மேல் காகிதத்தைப் போர்த்தி இறக்கை செய்தார். 1909 ஆம் ஆண்டு ஜூலை 13 ஆம் திகதி அந்தக் காகிதப் பறவை சுமார் 100 அடி தூரம் பறந்தது. பிரித்தானியாவிற் செய்த இயந்திரம் பூட்டி, பிரித்தானியர் ஒருவர் வடிவமைத்துப் பறந்த முதல் விமானம் அதுவே என்பர். அந்த வளைவில் நினைவுப் பலகை பதிக்கப்பட்டிருக்கிறது. விமானம் இலண்டன் அறிவியல் அரும்பொருட் காட்சிச்சாலையில் இருக்கிறது.

றோ பின்னர் 1910 இல் தம் பெயரின் எழுத்துகளைக் கொண்டு தொடங்கிய கொம்பனியின் பெயர் அவ்ரோ. யாழ்ப்பாணத்தாருக்கு இந்தப் பெயரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. அக்கொம்பனியின் வடிவமைப்பில் 1960 இல் முதன்முதலாகப் பறந்த 748 ரக விமானத்தை எயார் சிலோனும், பின்னர் விமானப் படையும் வைத்திருந்தன. போர்க் காலத்தில் "அவ்ரோ வருது" என்ற குரல் கேட்டு வானத்தை அண்ணாந்து பார்த்த ஊரவர்கள், அந்தப் பெயர் பிறந்த சதுப்பு நிலத்துக்கு நடந்துபோகக்கூடிய தூரத்தில் இன்று வாடகை வீடுகளில் வாழ்கிறார்கள். வரலாற்றின் வழிகள் இப்படியும் வளைகின்றன.

காகித இறக்கையின் காலத்தில் ஒவ்வோர் அவுன்சும் விமானத்துக்குப் பகையாக இருந்தது. இன்றைய விமானங்கள் நூறு தொன்னைத் தூக்குகின்றன. ஆனால் எம்மவர் அனுப்பும் பொதிகளிற் பெரும்பாலானவை பாரத்தால் அன்றி இடத்தாலேயே விலையுயர்ந்து போகின்றன.

சுருங்கும் எண்

அம்மையாரின் பெட்டிக்குத் திரும்புவோம். அதன் நீளம் 60, அகலம் 50, உயரம் 40 சென்ரிமீற்றர். பெருக்கினால் 120,000. இதை 6000 ஆல் வகுத்தால் 20 கிலோ. ஆனால் பற்றுச்சீட்டில் எழுதப்பட்டதோ 24. நான்கு கிலோ எங்கிருந்து முளைத்தது?

வகுக்கும் எண் எல்லாரிடமும் ஒன்றாக இல்லை என்பதே காரணம். விமானச் சரக்கின் பொது நெறி 6000. வீட்டு வாசலில் எடுத்து வீட்டு வாசலில் கொடுக்கும் விரைவுப் பொதிச் சேவைகள் பெரும்பாலும் 5000 ஆல் வகுக்கின்றன. 120,000 ஐ 5000 ஆல் வகுத்தால் 24. முன்னொரு காலத்தில் வழங்கிய எண் 7000. அதனால் வகுத்தால் அதே பெட்டி பதினேழரைக் கிலோவுடன் நின்றிருக்கும். பெட்டி வளரவில்லை, வகுக்கும் எண் சுருங்கியது. வகுக்கும் எண் சுருங்கச் சுருங்கக் கட்டணம் பெருக்கும் என்பது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஆனால் அந்த எண் பற்றுச்சீட்டின் மூலையிற்கூட எழுதப்படாதபோது, ஐந்தாம் வகுப்புக் கணக்கும் மறைபொருளாகி விடுகிறது.

பெரிய கொம்பனிகள் இதை எவ்வாறு செய்தன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். பெடெக்ஸ், யூபிஎஸ் ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்களும் 2011 இன் தொடக்கத்தில் தம் சர்வதேசப் பொதிகளுக்கு, ஓர் இறாத்தலுக்கு 166 கன அங்குலம் என்றிருந்த அளவை 139 ஆகக் குறைத்தன. எமது அளவையிற் சொன்னால், 6000 என்பது 5000 ஆகியது. இந்த ஒரு மாற்றத்தால் மட்டுமே, பருமனான பொதியின் கட்டணம் ஐந்திலொரு பங்கு உயர்ந்தது. அதுவரை அமெரிக்காவின் தரைவழிச் சேவையில் மூன்று கன அடிக்குக் குறைந்த சிறு பொதிகளுக்கு இவ்விதி பொருந்தாதிருந்தது. 2014 முடிந்து 2015 பிறந்த காலத்தில் இரு நிறுவனங்களும் அச்சலுகையையும் நீக்கின. கடைகளுக்குச் செல்லாமல் வீட்டிலிருந்தே பொருள் வாங்கும் பழக்கம் பெருகி, சிறு பொருளும் பெரும் பெட்டியில் வரத் தொடங்கிய காலம் அது.

நிறுவனங்களின் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. விமானத்தில் வெற்றிடத்தைச் சுமந்து செல்ல எவரும் கடமைப்பட்டவரல்லர். இரும்புச் சாமான் அனுப்புபவர் பஞ்சு அனுப்புபவரின் செலவைத் தாங்குவதும் முறையன்று. குறை விதியில் இல்லை. விதியை விளக்காமல் வைத்திருப்பதில் இருக்கிறது.

அளவுநாடாவும் பொதியும்

விதி அறிந்தவருக்கு அதே விதி துணையாகவும் அமையும். வாசகர்கள் மனங்கொள்ள வேண்டியவை சில.

முதலாவது, பெட்டியின் புடைப்பு. அளவு எடுப்பவர்கள் பெட்டியின் மிக வெளிப்புறத்தையே அளப்பார்கள். 60, 50, 40 என்று கடையில் வாங்கிய பெட்டியைத் திணித்து நிரப்பி, மூன்று பக்கமும் மூன்று சென்ரிமீற்றர் புடைத்துவிட்டால், அளவு 63, 53, 43 ஆகிறது. பெருக்கினால் 143,577. ஐயாயிரத்தால் வகுத்து மேல் அரைக் கிலோவுக்கு உயர்த்தினால் 29 கிலோ. மூன்று சென்ரிமீற்றர்ப் புடைப்பு ஐந்து கிலோவாகி விட்டது. கிலோவுக்கு 5 பவுண் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் அது 25 பவுண். தஞ்ச விண்ணப்பத்துக்கு முடிவு வராமல், வாரத்துக்கு 50 பவுணுக்கும் குறைந்த உதவித்தொகையில் வாழும் ஓர் இளைஞனுக்கு, அது அரை வாரச் சாப்பாடு.

இரண்டாவது, உருவம். சுருட்டிய பாயையோ கம்பளத்தையோ அனுப்பினால், உருளையின் கனவளவை எவரும் கணிக்க மாட்டார்கள். அதைச் சுற்றி ஒரு செவ்வகப் பெட்டி இருப்பதாகவே கொள்வார்கள். மூலைகளில் இல்லாத பொருளுக்காக ஏறத்தாழ 27 வீதம் கூடுதலாகக் கட்டுகிறீர்கள். இயன்றால் மடித்துத் தட்டையாக்குங்கள்.

மூன்றாவது, கலப்பு. இதுவே மிக முக்கியமானது. அன்று என் கையிலிருந்த புத்தகப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். 40, 30, 30 சென்ரிமீற்றர். மெய்நிறை 22 கிலோ. கனவளவு நிறை, 6000 ஆல் வகுத்தால் வெறும் 6 கிலோ. கட்டணம் 22 கிலோவுக்கு. அம்மையாரின் பெட்டிக்கு அதே எண்ணின்படி 20 கிலோவுக்கு. தனித்தனியே அனுப்பினால் மொத்தம் 42 கிலோவுக்குக் கட்ட வேண்டும். இரண்டையும் ஒரே எயார்வே பில்லில், ஒரே அனுப்புகையாகச் சேர்த்தால், மொத்த மெய்நிறை 31 கிலோ. மொத்தக் கனவளவு 156,000, அதாவது 26 கிலோ. கூடிய எண் 31. பதினொரு கிலோவின் கட்டணம் மிச்சம்! அவருடைய காற்றை என் புத்தகங்கள் நிரப்பின. என் புத்தகங்களின் பாரத்தை அவருடைய காற்று சமன் செய்தது. ஆனால் ஓர் எச்சரிக்கை: விமானச் சரக்கில் மொத்தமாகக் கணக்கிடுவது வழக்கமாயினும், விரைவுப் பொதிச் சேவைகளிற் பல, பொதிக்குப் பொதி தனித்தனியே கணக்கிடும். முன்கூட்டியே கேட்டறிவது நன்று.

நான்காவது, படிநிலை விலை. விமானச் சரக்கில் 45 கிலோ, 100 கிலோ, 300 கிலோ என்று படிகள் உண்டு. படி ஏற ஏறக் கிலோவின் விலை இறங்கும். 45 கிலோவுக்குக் கீழே கிலோ 4 பவுண், மேலே 3 பவுண் என்று ஓர் உதாரணம் கொள்வோம். 40 கிலோப் பொதிக்கு 160 பவுண். அதையே 45 கிலோ என்று அறிவித்துக் கட்டினால் 135 பவுண். இது ஏமாற்று அன்று. துறையின் விதியே இதற்கு இடமளிக்கிறது. எரிபொருள் மேலதிகக் கட்டணம் போன்றவையும் பெரும்பாலும் இதே நிறையின்மீது பெருக்கப்படுவதால், நிறையில் மிச்சம் பிடிப்பது இரட்டை மிச்சம்.

ஐந்தாவது, அவசரமில்லாதவை கப்பலிற் போகட்டும். கடற் சரக்கில் ஒரு கன மீற்றர் ஒரு தொன்னுக்குச் சமன். எம்மவர் அனுப்பும் பொதிகள் பெரும்பாலும் அந்த அடர்த்தியை எட்டா என்பதால், அங்கே பெரும்பாலும் இடத்துக்கே கணக்கு. முகவர்கள் பெட்டிக்கு இவ்வளவு என்றே வாங்குவார்கள். ஆகவே புத்தகம், பாத்திரம் போன்ற கனத்த பொருட்கள் கப்பலுக்கே உரியன. நாட்கள் மட்டும் கூடும். 2023 இன் இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபோது, பல கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிச் சென்றதால் காத்திருப்பு மேலும் நீண்டதை நினைவிற் கொள்க. இரண்டு கிலோவுக்கு உட்பட்ட, சிறிய ஆனால் இலேசான பொதிகளுக்கு றோயல் மெயில் சேவையையும் விசாரிக்கலாம். மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகை 90 சென்ரிமீற்றருக்கும், எந்த ஒரு பக்கமும் 60 சென்ரிமீற்றருக்கும் மேற்படாவிட்டால், அங்கே தராசின் பாரத்துக்கே கட்டணம்.

மரக்கறிக் கடையிலும் இதே கணக்கு

இந்த எண்ணுக்குப் பொதி அனுப்பாதவர்களும் வரி செலுத்துகிறார்கள். வால்தம்ஸ்டோ ஹை வீதிச் சந்தையில் ஒரு பவுணுக்கு ஒரு கிண்ணம் தக்காளி வாங்கிக்கொண்டு, அடுத்த தெருவில் எம்மவர் கடைக்குள் நுழைந்து பொன்னாங்காணிப் பிடியொன்றின் விலையைப் பார்த்துத் திகைக்காதவர் எவர்? கீரை ஊரில் மலிவு. இங்கே மருந்து போன்ற விலை. விமானத்தில் வரும் கீரை நசுங்கக் கூடாது, வாடக் கூடாது. ஆதலால் இறுக்கி அடுக்க இயலாது; வெப்பம் புகாத பெட்டியில், காற்றோட்டம் விட்டு வர வேண்டும். நாம் கறிக்கு வாங்கும் ஒரு பிடி இலையுடன், அது பயணம் செய்த வெற்றிடத்தையும் சேர்த்தே வாங்குகிறோம்.

ஹீத்றோவில் இறங்கும் சரக்கில் மிகப் பெரும் பகுதி பயணிகள் விமானங்களின் வயிற்றிலேயே வருகிறது. பயணிகளுக்கும் அவர்களின் பெட்டிகளுக்கும் போக எஞ்சும் இடமே சரக்குக்குரியது. 2020 இல் நோய்த்தொற்றினால் பயணிகள் விமானங்கள் தரையில் நின்றபோது அந்த இடம் திடீரென மறைந்தது. உலகெங்கும் விமானச் சரக்கின் விலை ஏறியது. சில விமானங்களில் ஆட்கள் இருக்கும் ஆசனங்களிற்கூடப் பெட்டிகளைக் கட்டிப் பறந்தனர். இடத்துக்கு எவ்வளவு விலை என்பதை உலகம் அப்போது கண்டுகொண்டது.

பலாலி விமான நிலையம் 2019 ஒக்ரோபர் 17 இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, இடையில் நின்று, 2022 டிசம்பரில் சென்னைச் சேவையை மீளத் தொடங்கியது. ஆயினும் அங்கு இறங்குவன சிறு விமானங்கள். இலண்டனிலிருந்து போகும் பொதி கட்டுநாயக்காவில் இறங்கி, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தரைவழியாக வடக்கே போக வேண்டியிருக்கிறது. அந்தத் தரைவழியே அடைபட்டுக் கிடந்த காலங்களும் உண்டு. 1990 களின் முற்பகுதியில் கிளாலிக் கடல்நீரேரியை இருளிற் கடந்து வந்தவர்கள், தோளும் மிதிவண்டியும் தாங்கிய அளவுக்கே பொருள் கொண்டுவந்தனர். அன்று சிறுவனாயிருந்த எனக்கு, வாசலில் இறக்கப்பட்ட ஒரு பையின் பாரம் இன்றும் கையில் இருக்கிறது. அன்று எவரும் வகுக்கும் எண் கேட்கவில்லை; வந்து சேர்ந்ததா என்றே கேட்டார்கள். இன்று பாதை திறந்திருக்கிறது. கணக்குக் கேட்கும் உரிமையும் நேரமும் எமக்குண்டு.

பலகையில் எழுதுக

அன்று மாலை என்ன நடந்தது என்பதைச் சொல்லி முடிக்கிறேன். "அங்கை யாழ்ப்பாணத்திலை இதெல்லாம் வாங்கலாம், அன்ரி. காசை அனுப்பிவிட்டால் என்ன?" என்று முகவரே கேட்டார். தம் வருவாய் போகும் என்று தெரிந்தும் கேட்ட நல்ல பிள்ளை. அம்மையார் தலையசைத்தார். "காசு அனுப்பினால் அம்மா தனக்கெண்டு ஒண்டும் வாங்கமாட்டா, தம்பி. பேரப்பிள்ளையளுக்கெண்டு முடிஞ்சு வைச்சிடுவா. சாமான் போனால்தான் பாவிப்பா."

எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லாத இந்த நியாயத்துக்கு எங்கள் இருவரிடமும் மறுமொழி இல்லை. பெட்டியைப் பிரித்தோம். பஞ்சு மெத்தைத் துண்டை மட்டும் ஊரில் வாங்கத் தம்பி மகனுக்குச் சொல்வதென முடிவாயிற்று. அதுவே பெரும் இடத்தைப் பிடித்திருந்தது. பம்பஸ் கட்டுகளை மேலுறை நீக்கி, காற்றை அமுக்கி வெளியேற்றி அடுக்கினோம். 50, 40, 35 சென்ரிமீற்றர்ப் பெட்டி போதுமானதாயிற்று. பெருக்கினால் 70,000, ஐயாயிரத்தால் வகுத்தால் 14 கிலோ. தராசில் 8 கிலோ. பதினான்குக்குக் காசு கட்டியாயிற்று என்பதால், மேலும் ஆறு கிலோவரை செலவின்றிப் போகும். மூலைகளில் சவர்க்காரக் கட்டிகளும் சொக்கிலேற்றும் ஒரு சின்ன ரின் தேயிலையும் செருகினார் அம்மையார். வாசனைத் திரவியப் புட்டியொன்றை முகவர் எடுத்து வெளியே வைத்தார். அது விமானத்துக்கு ஆபத்தான பொருட்களின் பட்டியலில் உள்ளது. இருபத்துநான்கு பதினான்காகியது. கொண்டுவந்த காசுடன் சிறிதே சேர்க்க வேண்டியிருந்தது. அதை அடுத்த கிழமை தருவதாகச் சொன்னார், முகவரும் ஒப்புக்கொண்டார்.

இதற்கெல்லாம் செலவானது அரை மணி நேரமும் ஓர் அளவுநாடாவும். பொதி அனுப்பும் எம் முகவர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. நீங்கள் எந்த எண்ணால் வகுக்கிறீர்கள், பொதிகளைச் சேர்த்துக் கணிக்கிறீர்களா, தனித்தனியே கணிக்கிறீர்களா என்ற இரண்டு விடயங்களையும் தமிழில் எழுதி, தராசுக்கு மேலே ஒரு பலகையில் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுநாடாவையும் வையுங்கள். மறைக்க ஒன்றுமில்லாதவருக்கு இதனால் நட்டமில்லை. வாசகர்களிடம் வைக்கும் வேண்டுகோள் இன்னும் சிறியது. பெட்டியை ஒட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள், அளந்தபின் கேளுங்கள்.

என் புத்தகப் பெட்டி என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கலாம். அது இருபத்திரண்டு கிலோ. அதற்குள் காற்று அதிகமில்லை. ஆகவே அதைக் கப்பலில் அனுப்பினேன். புத்தகங்கள் காத்திருக்கும், படுக்கையிற் கிடக்கும் ஒரு தாய் காத்திருக்க முடியாது.